ஒட்டுப் பொட்டு

ஃபாஷன் பற்றி எழுதுவது நம் சிறுபத்திரிகைச் சூழலில் கௌரவமான காரியமாகக் கருதப்படுவதில்லை. கவிதையின் உருவம் குறித்து நாற்பது பக்கம் சண்டை போடத் தயாராக இருக்கும் நாம், ஒரு பாடகி எதை அணிந்துகொண்டு மேடை ஏறினார் என்ற சமாச்சாரத்தை வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அங்கே அது ஒரு வண்ணப்படமாகவும் இரண்டு வரி அசட்டுச் சிலேடையாகவும் தீர்ந்துபோகிறது. ஆனால் உருவம், குறி, அர்த்தம் என்று நாம் இலக்கியத்தில் வைத்துத் தேடுகிற விஷயங்கள் மிகவும் பச்சையாக, விலைச்சீட்டோடு புழங்குகிற இடம் அதுதான். ஜெர்மானிய சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் இதை அறிந்திருந்தார். பிறரைப் போல் இருக்க வேண்டும், அதே சமயம் பிறரிடமிருந்து விலகித் தெரியவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளின் சமரசம்தான் ஃபாஷன் என்று 1904-ல் எழுதினார். எல்லோரும் அணிந்துவிட்டால் அது செத்துப்போகிறது என்றும் சொன்னார். 1967-ல் ரோலான் பார்த் இதற்கென்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவர் ஆராய்ந்தது துணியையல்ல, துணியைப் பற்றி பிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதிய வாசகங்களை.

இருவருக்கும் கைக்கு எட்டாத ஓர் உதாரணம் நமக்கு வாய்த்திருக்கிறது. பொட்டு. சென்ற நூற்றாண்டின் கடைசி ஐந்தாறு ஆண்டுகளிலும் இந்த நூற்றாண்டின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் அது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஃபாஷனாக இருந்தது. அந்தக் குறுகிய காலத்தில் ஒரு குறிக்கு என்னவெல்லாம் நேர முடியும் என்பதை யோசிப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1995 அக்டோபரில் 'ட்ராஜிக் கிங்டம்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. 'நோ டவுட்' என்ற கலிஃபோர்னியக் குழுவினுடையது. அதன் பாடகி க்வென் ஸ்டெஃபானி வெளுத்த பொன்னிறக் கூந்தலும் ரத்தச் சிவப்பு உதடும் திறந்த இடுப்பும் புருவங்களுக்கு நடுவில் ஒரு பொட்டுமாகக் காட்சி தந்தார். அதே குழுவில் பேஸ் கிதார் வாசித்த டோனி கனால் இந்தியப் பெற்றோரின் மகன். இருவரும் பல ஆண்டுகள் காதலித்துப் பிரிந்தவர்கள். அந்தப் பிரிவைப் பற்றிய பாட்டுதான் அடுத்த ஆண்டு உலகம் முழுவதும் ஒலித்தது. ஆக, பொட்டு அவர் நெற்றிக்கு வந்தது ஒரு குடும்பத்தோடு இருந்த பரிச்சயத்தின் வழியாக. காதல் போய்விட்டது, பொட்டு தங்கிவிட்டது. இதில் திருட்டு என்று சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து மடோனா. 1998-ல் வந்த 'ரே ஆஃப் லைட்' இசைத்தட்டில் ஒரு பாட்டு முழுக்க சம்ஸ்கிருதத்தில் இருக்கிறது. 'ஃப்ரோஸன்' பாட்டின் படத்தில் கறுப்பு உடையில் பாலைவனத்தில் நின்று மருதாணி இட்ட கைகளை அசைக்கிறார். அந்த ஆண்டு செப்டம்பரில் எம்.டி.வி. விருது விழாவில் மெல்லிய, உடல் தெரிகிற மேலாடையோடும், நெற்றியிலிருந்து மூக்கில் இறங்குகிற வைஷ்ணவ நாமத்தோடும் மேடை ஏறினார். உலக வைஷ்ணவ சங்கம் கண்டனம் தெரிவித்தது. நம்மூரில் நாமம் போடுவது என்பதற்கு வேறோர் அர்த்தமும் உண்டு. அந்த அர்த்தத்தில் பார்த்தாலும் பொருத்தம் கெடவில்லை.

அதற்குப் பிறகு பிரபலங்கள் தேவைப்படவில்லை. பேரங்காடிகளில் பள்ளிச் சிறுமிகளுக்கான அலங்காரச் சாமான் கடைகளில், வண்ணத்துப்பூச்சிக் கூந்தல் ஊசிகளுக்கும் நகப்பூச்சுக்கும் பக்கத்தில், பாக்கெட்டுகளாகத் தொங்கியது பொட்டு. இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கிய ஜீன்ஸ், தொப்புளுக்கு மேலே நின்றுவிட்ட பனியன், கன்னத்தில் மினுக்குத்தூள், நெற்றியில் கல் பதித்த பொட்டு: 2000-த்தின் பெண் இப்படித்தான் இருந்தாள். 2001-ல் 'மூலான் ரூஷ்' படத்தில் நிக்கோல் கிட்மன் இந்திய ஜோடனையில், 'சைனா கேட்' என்ற ஹிந்திப் படத்தின் பாட்டை ஒட்டி ஆடினார். 2002 மே மாதம் லண்டனின் ஸெல்ஃப்ரிட்ஜஸ் கடை தன் மாடிகளையெல்லாம் பம்பாய் சினிமாவாக ஜோடித்தது. அடுத்த மாதம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' நாடகம் அதே நகரத்தில் மேடையேறியது. ஒரு சிறு புள்ளியிலிருந்து ஒரு தேசமே ஃபாஷனாக விரிந்துவிட்டிருந்தது.

இதற்கு நம்மவர்களிடமிருந்து இரண்டு எதிர்வினைகள் வந்தன. ஒன்று தார்மீகக் கோபம்: புனிதமான ஒன்றை நடிகைகள் சந்தைச் சரக்காக்கிவிட்டார்கள். மற்றது புளகாங்கிதம்: உலகம் நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

கோபத்தை முதலில் பார்ப்போம். பொட்டைச் சந்தைச் சரக்காக்க மடோனா வர வேண்டியிருக்கவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற குங்குமத்தை நாம்தான் கைவிட்டோம். சாந்துப் புட்டி வந்தது. பிறகு வெல்வெட்டுத் துணியை வட்டமாக வெட்டி, பின்னால் பசை தடவி, அட்டையில் வரிசையாக ஒட்டி விற்கிற ஸ்டிக்கர் பொட்டு வந்தது. புடவைக்குப் பொருத்தமான நிறம் கிடைத்தது, வியர்வையில் கரையவில்லை. தொலைக்காட்சித் தொடர்களின் வில்லிகள் நெற்றியில் பாம்பு போல் நெளிகிற பொட்டுகளோடு வந்தார்கள். நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிகளிலும் பீரோக் கதவுகளிலும் கழற்றி ஒட்டிய பொட்டுகள் அம்மைத் தழும்பு போல் நிறைந்தன. அந்தப் பசையில் கலந்திருந்த பாரா டெர்ஷியரி ப்யூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் சில பெண்களின் தோலில் நிறத்தை அழித்து, பொட்டு இருந்த இடத்தில் அதே அளவுக்கு ஒரு வெள்ளை வட்டத்தை உண்டாக்கியதை நம் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. புனிதம் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்காத சரித்திரம் இந்தப் பொருளுக்கு இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கோயிலுக்குப் 'பொட்டுக் கட்டி' விடப்பட்ட பெண்கள் இருந்தார்கள்; அந்த வழக்கத்தைத் தடுக்க 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டமே தேவைப்பட்டது. பிறகு, 'பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்' என்று கிழவிகள் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொள்ளும் வரம். கணவனுக்கு முன்னால் சாவதற்கு இப்படியொரு அழகான பெயர் வைத்திருக்கிறோம். கவனிக்க வேண்டியது ஒன்று: பொட்டு வைப்பதற்கு நாம் காரணம் கேட்பதில்லை. கைக்குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு, பாவாடைச் சிறுமிக்கு, கல்லூரிப் பெண்ணுக்கு, மணமானவளுக்கு, எல்லோருக்கும் அது இயல்பாக வந்து சேர்கிறது. எடுக்கச் சொல்வதற்குத்தான் காரணம் இருக்கிறது. எந்த அகராதியிலும் தெளிவுபடாத பொட்டின் அர்த்தம், பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ ஒரு பெண்ணின் நெற்றியில் இன்னொரு பெண்ணின் கை வைத்துத் தேய்க்கும்போது முழுசாகத் தெரிந்துவிடுகிறது.

இனிப் புளகாங்கிதம். என் தங்கை 1994-ல் கல்யாணமாகி நியூ ஜெர்ஸிக்குப் போனாள். போன முதல் வாரமே, அங்கே முன்னால் குடியேறியிருந்த ஒரு தூரத்து உறவுக்கார அக்கா அவளுக்குச் சொன்ன புத்திமதி: வீட்டுக்குள் எப்படியும் இரு, வெளியே போகும்போது பொட்டு வேண்டாம். அந்த அக்கா ஜெர்ஸி ஸிட்டியில் 1987-ஐப் பார்த்தவள். அந்த ஆண்டு அங்கே ஒரு கும்பல், இந்தியர்களை ஊரைவிட்டுத் துரத்தாமல் ஓயப்போவதில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதியது. தனக்கு அது வைத்துக்கொண்ட பெயர் 'டாட்பஸ்டர்ஸ்'. புள்ளியை நொறுக்குகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெண்களின் நெற்றிப் புள்ளிதான் அந்தப் பெயருக்கு ஆதாரம். வீடுகள் தாக்கப்பட்டன, தெருவில் போனவர்கள் அடிக்கப்பட்டார்கள். செப்டம்பரில் பக்கத்து ஊரான ஹோபோகனில் இளைஞர்கள் சிலர் ஓர் இந்தியரை அடித்தே கொன்றார்கள். இறந்தவர் ஆண். அவர் நெற்றியில் எந்தப் புள்ளியும் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு குறி வெறுப்பின் கையில் கிடைத்துவிட்டால், அதை அணியாதவரையும் அது தேடிப் பிடித்துவிடும்.

தங்கை வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து பொட்டோடு கிளம்புவாள். அலுவலக வாசலில் காரை நிறுத்தியதும் அதை எடுத்து, தலைக்கு மேலே வெயில் மறைப்பில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு உள்ளே போவாள். மாலை திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி நெற்றிக்கு. ஐந்து வருஷம் இப்படி நடந்தது. 1999-ல் ஒரு நாள் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளோடு வேலை பார்க்கும் ஓர் இளம்பெண், அந்த ஊர்க்காரி, நெற்றியில் நீலக்கல் பொட்டோடு வந்திருக்கிறாள். எங்கே வாங்கினாய் என்று எல்லோரும் கேட்டார்களாம்.

"நான் கார்ல ஒட்டி வச்சிட்டுப் போறத அவ கடையில துட்டு குடுத்து வாங்கி ஒட்டிட்டு வாரா, அண்ணே."

மறுநாள் தங்கையும் பொட்டை எடுக்காமலே உள்ளே போனாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் அழகாக இருக்கிறது என்றார்களாம். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. சட்டமும் அண்டை வீட்டாரின் நல்லெண்ணமும் ஐந்து வருஷமாகத் தராத தைரியத்தை ஒரு பாடகியின் ஒப்பனை தந்துவிட்டது. ஃபாஷனைப் பழிக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த அனுமதியை வழங்கியது யார், எத்தனை நாளைக்கு என்பதையும் கேட்க வேண்டும். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நான்காம் நாள், அரிஸோனாவின் மேஸா நகரத்தில், தன் பெட்ரோல் நிலையத்து வாசலில் நின்றுகொண்டிருந்த ஒரு சீக்கியர் தலைப்பாகைக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம்தான் 'மூலான் ரூஷ்'. ஸெல்ஃப்ரிட்ஜஸின் பம்பாய் மாடிகளுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. தங்கையின் பொட்டு மறுபடி கார்க் கண்ணாடிக்குப் போயிற்று. கடைகளில் பாக்கெட்டுகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

இதற்கு நடுவில் 2000 ஜூனில் தங்கை பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய ஐந்து வயது மகள் தன் ஊர்ப் பேரங்காடியில் வாங்கிய பொட்டுப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பின்னட்டையில் இந்தியாவில் தயாரானது என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் ஒட்டினாள். எனக்கு ஒன்று, அவள் அப்பாவுக்கு ஒன்று, காலண்டரில் இருந்த பிள்ளையாருக்கு ஒன்று. பிறகு அம்மாவிடம் போனாள். "ஆச்சி, ஆடாம இரு" என்று மோவாயைப் பிடித்து நிறுத்தி, நெற்றியில் பச்சைக்கல் ஒன்றை வைத்து அழுத்தினாள். தங்கை என்னவோ சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. அம்மா ஆடாமல்தான் இருந்தாள்.

மத்தியானம் முழுவதும் அது அங்கேயே இருந்தது. அம்மா சாதம் பரிமாறினாள், துணி மடித்தாள், குழந்தைக்குத் தலை வாரினாள். நான் அந்த நெற்றியை ஜாடையாகப் பார்ப்பதும் பார்வையை விலக்குவதுமாக இருந்தேன். சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அத்தையின் குரல். அம்மா அவசரமில்லாமல் எழுந்து புறவாசலுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பொட்டு கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. குழந்தை மட்டும், விழுந்திருச்சா ஆச்சி, என்று கேட்டது. ஆமா, என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பட்டது. நியூ ஜெர்ஸியில் தங்கையும் பாளையங்கோட்டையில் அம்மாவும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். ஒருத்தி அந்நியர்களின் கண்ணுக்கு அஞ்சி, மற்றவள் சொந்தத் தெருவின் கண்ணுக்கு அஞ்சி. இருவரும் அதைக் கீழே எறியவில்லை. கண்ணாடியில் ஒட்டி வைத்தார்கள்.

பொட்டை அழித்த கைகளைப் பற்றிப் பேசும்போது கொழும்பைத் தாண்டிப் போக முடியாது. 1983 ஜூலையில் பஸ்கள் மறிக்கப்பட்டபோது, உள்ளே இருந்த தமிழ்ப் பெண்கள் முந்தானையாலும் எச்சில் தொட்ட விரலாலும் அவசரமாக நெற்றியைத் துடைத்துக்கொண்டதை அந்த நாட்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் சொல்லியும் எழுதியும் இருக்கிறார்கள். சந்தேகம் தீராத இடங்களில் வாளிக்கு உள்ள சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதல் எழுத்தில் தமிழ் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்பது கும்பலுக்குத் தெரியும். பொட்டைத் துடைத்துவிடலாம், நாக்கைத் துடைக்க முடியாது. ஸிம்மல் சொன்ன இரண்டு ஆசைகளில், விலகித் தெரிய வேண்டும் என்ற ஆசை அந்த பஸ்ஸில் எவருக்கும் இருந்திருக்காது. பிறரைப் போல் இருந்துவிட வேண்டும் என்ற ஒன்றே உயிராக இருந்திருக்கும். ஃபாஷனின் தத்துவம் முழுவதும் அணிவதைப் பற்றியதாக இருப்பதற்குக் காரணம், அதை எழுதியவர்கள் எதையும் இப்படிக் கழற்ற வேண்டி வராத இடத்தில் நின்று எழுதியதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

விதவையின் நெற்றியையும் கொழும்பு பஸ்ஸையும் ஜெர்ஸி ஸிட்டியின் தெருவையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. கொலைக்கும் சம்பிரதாயத்துக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஆனால் மூன்று இடத்திலும் பொட்டுக்கு எடை ஏறுவது ஒரே விதத்தில்தான்: அதை அழிக்கும் அதிகாரம் அணிந்தவளிடம் இல்லை. க்வென் ஸ்டெஃபானி அதைத் தன் விருப்பப்படி அணிந்தார், வேறொன்று பிடித்தபோது விட்டுவிட்டார். ஒப்பனை கலைக்கும் பஞ்சால் துடைத்ததும் அது போய்விட்டது. எதையும் இழக்காமல் கழற்ற முடிகிற குறியே ஃபாஷன் என்று நான் வரையறுப்பேன். அதில் பாபம் ஒன்றுமில்லை. உலகத்தில் பெரும்பாலான ஆபரணங்கள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சங்கடமான இடத்துக்கு வருகிறோம். உள்ளடக்கம் கழன்ற வெற்று உருவம் என்று கவிதையில் நாம் திட்டுவோமே, அதைத்தான் பேரங்காடிக்காரர்கள் பொட்டுக்குச் செய்தார்கள். அதிலிருந்து சாமியை எடுத்தார்கள், சாதியை எடுத்தார்கள், புருஷனை எடுத்தார்கள். மிஞ்சியது ஒரு நிறம், ஒரு வட்டம், இரண்டு புருவங்களுக்கு நடுவில் ஓர் இடம். கவிதையில் இது வறுமை. என் அம்மாவின் நெற்றியில் அரை நாள் இருந்தபோது அது வறுமையாக இருந்ததா? அந்தப் பாக்கெட்டுக்கு எங்கள் தெருவின் சட்டம் தெரியாது. தெரியாததால்தான் ஒரு குழந்தையால் அதை அங்கே ஒட்ட முடிந்தது. வியாபாரத்துக்கு இதில் எந்தப் புண்ணியமும் சேராது. அது அறிந்து செய்த காரியமில்லை. ஆனாலும் நம் சீர்திருத்தப் பேச்சுகள் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டிருந்தபோது, அறியாமல் செய்த காரியம் உள்ளே வரைக்கும் வந்துவிட்டது என்பதை மறைக்க முடியவில்லை.

2013-ல் செலினா கோமஸ் என்ற பாடகி பொட்டு வைத்துக்கொண்டு எம்.டி.வி. மேடையில் பாடினார். அதே கண்டன அறிக்கை, அதே பதில்கள். இப்போது 2000-த்தின் உடுப்புகளே 'ஒய்-டூ-கே' என்ற பெயரில் அப்போது பிறந்திராத பெண்களுக்கு விற்கப்படுகின்றன. தாழ்ந்த ஜீன்ஸும் குட்டை பனியனும் நெற்றிக் கல்லும் திரும்பியிருக்கின்றன. இனியும் யாராவது ஒரு நடிகை அதை அணிவார், யாராவது புண்படுவார்கள். புண்படுவதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நியூ ஜெர்ஸியில் அடிபட்டவர்களின் பிள்ளைகள், எங்கள் அம்மா கண்ணாடியில் ஒட்டியதை நீ கடையில் வாங்குகிறாய் என்று சொன்னால் நான் தலை குனிந்து கேட்பேன். ஆனால் அந்தக் கோபத்தை இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் இரவல் வாங்கும்போது எனக்குக் கூசுகிறது.

நம் கல்யாண மண்டபங்களின் வாசலில் ஒரு மேஜை போட்டிருக்கும். சந்தனக் கிண்ணம், கல்கண்டு, குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு. பட்டுப்பாவாடை கட்டிய பெண் ஒருத்தி வருகிறவர்களுக்கெல்லாம் தட்டை நீட்டிக்கொண்டிருப்பாள். வெறும் நெற்றியோடு ஒரு அம்மாள் வரும்போது அந்தக் கை ஒரு கணம் தயங்கும். சிமிழ் இருக்கும் பக்கம் தெரியாமல் தட்டைச் சற்றே திருப்பிக்கொள்ளும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவள் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்தத் தட்டு திரும்பாமல் நேராக நீளும் வரைக்கும், மடோனாவின் நெற்றியைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை.